ஹென்றி கூப்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகமது அலியைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் இடத்தில் ஹென்றி கூப்பர் என்ற பெயரைக் கடந்துதான் வந்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வரியில்: 'அலியை ஒரே குத்தில் கீழே தள்ளிய ஆங்கிலேயர்.' அந்த வரிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள்.

ஹென்றி கூப்பர் யார்? அவர் உலகச் சாம்பியனா?

இல்லை. அவர் பிரிட்டனின் ஹெவிவெயிட் (மிகை எடைப் பிரிவு) சாம்பியன். காமன்வெல்த் பட்டமும் ஐரோப்பியப் பட்டமும் அவரிடம் இருந்தன. உலகப் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. 1954 முதல் 1971 வரை தொழில்முறைக் குத்துச்சண்டையில் 55 போட்டிகளில் இறங்கி 40இல் வென்றார், 14இல் தோற்றார், ஒன்று சமனில் முடிந்தது. வெற்றிகளில் 27 ஆட்டம் முடியுமுன்பே எதிராளியை வீழ்த்தியோ நிறுத்தியோ பெற்றவை. பதினான்கு தோல்விகள் என்பது ஒரு மாபெரும் வீரருக்குரிய கணக்கல்ல என்று சிலர் சொல்வதுண்டு. கணக்காக மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் உலகப் பட்டம் வென்ற பலரை மறந்துவிட்ட பிரிட்டிஷ் மக்கள் கூப்பரை மறக்கவில்லை என்பதும் உண்மை.

அவருடைய இளமைக் காலம் எப்படிப்பட்டது?

1934 மே 3 அன்று லண்டனின் லாம்பெத் பகுதியில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். மற்றவர் ஜார்ஜ். குடும்பம் தென்கிழக்கு லண்டனில் உள்ள பெல்லிங்ஹாம் குடியிருப்புக்கு மாறியது. போர்க்காலத்தில் பிள்ளைகள் சசெக்ஸ் கடற்கரையிலுள்ள லான்சிங் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பள்ளிப் படிப்புக்குப் பிறகு கூப்பர் கற்ற தொழில் சுவர் பூசுவது. பயில்முறை வீரராக 1952இலும் 1953இலும் இங்கிலாந்தின் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு சோவியத் வீரர் அனத்தோலி பெரோவிடம் தோற்றுத் திரும்பினார். கட்டாய ராணுவச் சேவையை முடித்துக்கொண்டு 1954 செப்டம்பரில் ஜிம் விக்ஸ் என்ற மேலாளரின் கீழ் இரட்டையர் இருவருமே தொழில்முறை வீரர்களானார்கள். ஏற்கெனவே ஒரு ஜார்ஜ் கூப்பர் பதிவேட்டில் இருந்ததால் தம்பிக்கு 'ஜிம் கூப்பர்' என்று வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

பயிற்சிக்கூடம் ஓல்ட் கென்ட் சாலையில் தாமஸ் அ பெக்கெட் என்ற மதுக்கூடத்தின் மாடியில் இருந்தது. கீழே பீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள், மேலே மணல்மூட்டையில் குத்து விழுந்துகொண்டிருக்கும். அந்தக் கால லண்டன் குத்துச்சண்டை இப்படித்தான் இயங்கியது.

தொடக்கத்திலிருந்தே வெற்றிதானா?

இல்லவே இல்லை. 1957 என்ற ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், பிப்ரவரியில் காமன்வெல்த் பட்டத்துக்காக ஜோ பைகிரேவ்ஸிடம் ஒன்பதாம் சுற்றில் வீழ்ந்தார். மே மாதம் ஐரோப்பியப் பட்டத்துக்காக ஸ்டாக்ஹோமில் இங்கெமார் ஜோஹான்சனிடம் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்தார். செப்டம்பரில் பிரிட்டிஷ் பட்டத்துக்காக ஜோ எர்ஸ்கினிடம் பதினைந்து சுற்றுகள் மோதிப் புள்ளிக் கணக்கில் தோற்றார். ஒரே ஆண்டில் மூன்று பட்டப் போட்டிகள், மூன்றும் கைநழுவின. அந்த இடத்தில் தொழிலை விட்டு மறுபடியும் சாந்துக்கரண்டியைக் கையில் எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

மீண்டெழுந்தது 1958இல். வேல்ஸின் டிக் ரிச்சர்ட்சனை வீழ்த்தினார். அப்போது உலகப் பட்டத்துக்கு முதல் வரிசையில் நின்ற அமெரிக்கர் ஸோரா ஃபோலியை வெம்ப்ளியில் புள்ளிக் கணக்கில் வென்றார். 1959 ஜனவரி 12 அன்று பிரையன் லண்டனைத் தோற்கடித்துப் பிரிட்டிஷ், காமன்வெல்த் பட்டங்கள் இரண்டையும் கைப்பற்றினார். அதன்பின் பிரிட்டிஷ் பட்டத்துக்காக நடந்த எந்தப் போட்டியிலும் பன்னிரண்டு ஆண்டுகள் அவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை.

'என்றியின் சுத்தியல்' என்பது என்ன?

அவருடைய இடதுகை ஹூக், அதாவது பக்கவாட்டிலிருந்து கையை வளைத்து விடும் குத்து. லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ஹகரம் காற்றோடு போய்விடும். ஹென்றி 'என்றி' ஆவார், சுத்தியலைக் குறிக்கும் ஹாமர் 'ஆமர்' ஆகும். நம் காதுக்கு இது புதிதல்ல. நாமும் அந்த எழுத்தைக் கடன் வாங்கித்தானே வைத்திருக்கிறோம்.

இந்தக் குத்தின் பலத்துக்கு ஓர் எளிய காரணம் உண்டு. கூப்பர் பிறவியில் இடக்கையர். இடக்கையர்கள் வழக்கமாக வலது கையை முன்னே நீட்டி, பலமான இடக்கையைப் பின்னே வைத்து நிற்பார்கள். கூப்பரோ வலக்கையர்களைப் போலவே இடது கையை முன்னே வைத்து நின்றார். ஆகவே பிறர் எதிராளியை அளந்து பார்க்கவும் தள்ளி நிறுத்தவும் பயன்படுத்தும் முன்கையே அவருக்குப் பலமான கையாக இருந்தது. அது எதிராளிக்கு மிக அருகில் இருந்தது. வரும் தூரம் குறைவு என்பதால் வருவதும் தெரியாது. 1959 நவம்பரில் ஜோ எர்ஸ்கின் பன்னிரண்டாம் சுற்றில் அந்த அடியை வாங்கி, கீழ்க்கயிற்றின் மேல் முதுகு வளைந்து, காயப்போட்ட துணியைப் போலத் தொங்கினார். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு 'சுத்தியல்' என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பலம் இருந்தும் ஏன் இத்தனை தோல்விகள்?

தோல். அவருடைய புருவ எலும்புகள் புடைத்திருந்தன. மேலிருந்த தோல் மெல்லியது. கையுறை உரசினாலும் கிழியும். புருவத்துக்கு மேலே கிழிந்தால் இரத்தம் நேராகக் கண்ணுக்குள் இறங்கும், பார்வை மறையும், நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். மேடையில் அவர் மூலையில் நின்ற உதவியாளர் டேனி ஹாலந்துக்கு வேலையே இதுதான்: சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் 60 நொடிகளில் காயத்தை அழுத்திப் பிடித்து, மருந்து வைத்து, களிம்பு பூசி, அடுத்த மூன்று நிமிடங்களுக்கு இரத்தத்தை நிறுத்தி வைப்பது. ஹாலந்து இந்தக் கலையில் கைதேர்ந்தவர். அப்படியும் முடியாத இரவுகள் வந்தன.

எடையையும் சொல்ல வேண்டும். கூப்பரின் போட்டி எடை சுமார் 84 முதல் 86 கிலோ. இன்றைய விதிப்படி 90.7 கிலோ வரை உள்ளவர்களுக்கு க்ரூசர்வெயிட் என்று தனிப்பிரிவே இருக்கிறது. அவர் காலத்தில் அது கிடையாது. ஆகவே தம்மைவிடப் பத்துக் கிலோ கூடுதலானவர்களோடு மோதுவதே அவருக்கு வழக்கமாக இருந்தது.

1963இல் அலியோடு நடந்த போட்டியில் என்ன நடந்தது?

அப்போது அவர் அலி அல்ல; காஷியஸ் கிளே. வயது 21. ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், தொழில்முறையில் 18 போட்டிகளில் ஒரு தோல்வியும் காணாதவர், உலகப் பட்டத்துக்கு சானி லிஸ்டனை எதிர்கொள்ளக் காத்திருந்தவர். 1963 ஜூன் 18 அன்று வெம்ப்ளி திறந்தவெளி அரங்கில் சுமார் 35,000 பேர் முன்னிலையில் தலையில் கிரீடமும் தோளில் அரச அங்கியுமாக மேடையேறினார். கூப்பரை ஐந்தாம் சுற்றில் முடிப்பேன் என்று முன்பே அறிவித்திருந்தார். கூட்டம் அவரைக் கூச்சலிட்டே வரவேற்றது.

மூன்றாம் சுற்றுக்குள் கூப்பரின் இடது கண்ணுக்கு மேலே கிழிந்துவிட்டது. கிளே அப்போதே முடித்திருக்கலாம். ஆனால் சொன்ன வாக்கு ஐந்தாம் சுற்று என்பதால் கைகளைத் தொங்கப்போட்டு, வேடிக்கை காட்டி, நேரத்தை ஓட்டினார். நான்காம் சுற்றின் கடைசி நொடிகளில் கயிற்றோரம் பின்வாங்கிய அவருடைய தாடையில் அந்த இடது ஹூக் சரியாக விழுந்தது. கிளே பின்னால் சாய்ந்து, கயிற்றோடு சறுக்கி, தரையில் உட்கார்ந்தார். கை கயிற்றில் சிக்கியதால் தலை தரையில் மோதாமல் தப்பியது. மேடையின் நடுவில் அந்தக் குத்து விழுந்திருந்தால் கதை வேறு என்று கூப்பர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை பாதியை எட்டும்போது கிளே எழுந்து நின்றார். கண்ணில் ஒளி இல்லை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

ஐந்தாம் சுற்றில் கிளே வேடிக்கையை நிறுத்திவிட்டு அடித்த அடிகளில் காயம் முழுவதுமாகத் திறந்துகொண்டது. நடுவர் டாமி லிட்டில் ஆட்டத்தை நிறுத்தினார். சொன்னபடியே ஐந்தாம் சுற்று.

கிளேயின் மூலையில் கையுறையைக் கிழித்து நேரத்தை இழுத்தார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை, பாதி ஊதிப் பெரிதாக்கப்பட்ட கதை. கிளேயின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி, கையுறையின் தையலில் சிறு பிளவு இருந்ததாகவும் அதைத் தம் விரலால் சற்றுப் பெரிதாக்கி நடுவரிடம் காட்டியதாகவும் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். மாற்றுக் கையுறை தேடிப் போனார்கள், கிடைக்கவில்லை, இரண்டு மூன்று நிமிடங்கள் கழிந்தன, அதற்குள் கிளே தெளிந்துவிட்டார் என்பதுதான் பல ஆண்டுகள் பிரிட்டனில் சொல்லப்பட்ட கதை. ஆனால் ஒளிப்பதிவை நொடிக்கணக்கில் அளந்து பார்த்தவர்கள், இடைவேளை வழக்கமான ஒரு நிமிடத்தைச் சில நொடிகளே தாண்டியது என்று காட்டிவிட்டார்கள். கையுறையும் மாற்றப்படவில்லை.

நேரம் திருடப்பட்டது என்ற புகாருக்கு இனி இடமில்லை. எழுப்ப வேண்டிய கேள்வி வேறு: கிளேயின் மூக்கருகே டண்டி உடைத்துக் காட்டிய, மயக்கம் தெளிவிக்கும் முகரும் உப்பு பிரிட்டிஷ் விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. அதை யாரும் அன்று பெரிதாகக் கேட்கவில்லை. எல்லோரும் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது போட்டி?

1966 மே 21, ஆர்சனல் கால்பந்துக் கழகத்தின் ஹைபரி மைதானம். இம்முறை எதிரே நின்றவர் உலகச் சாம்பியன் முகமது அலி. வியட்நாம் போருக்கு ஆள்சேர்ப்பு பற்றி அவர் பேசிய பேச்சால் அமெரிக்க நகரங்கள் அவருடைய போட்டிகளுக்கு இடம் தர மறுத்த ஆண்டு அது; ஆகவே டொரான்டோவுக்கும் லண்டனுக்கும் வந்து ஆடினார். பிரிட்டன் மண்ணில் உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டி நடப்பது 1908க்குப் பின் அதுவே முதல் முறை.

அலி இம்முறை சிரிக்கவில்லை, கையைத் தொங்கவிடவில்லை. கூப்பர் நெருங்கியபோதெல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டார். விடுபடும்போது இடது கை எட்டாத தூரத்துக்கு ஒரே தாவலில் பின்வாங்கினார். இதைவிடப் பெரிய பாராட்டு அந்த ஹூக்குக்குக் கிடைத்ததில்லை என்பது என் எண்ணம். ஆறாம் சுற்றில் மறுபடியும் இடது கண்ணுக்கு மேலே ஆழமாகக் கிழிந்தது, ஆட்டம் நிறுத்தப்பட்டது.

வேறு வாய்ப்பே வரவில்லையா?

லிஸ்டனோடு மோதும் பேச்சு எழுந்தபோது மேலாளர் விக்ஸ் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 1969இல் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்தை வைத்திருந்த ஜிம்மி எல்லிஸோடு மோதக் கூப்பர் விரும்பினார். ஆனால் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் அந்தச் சங்கத்தை அங்கீகரிக்கவில்லை. அதை உலகப் பட்டப் போட்டியாக ஏற்க முடியாது என்றது. எதிர்ப்பைக் காட்டக் கூப்பர் தம் பிரிட்டிஷ் பட்டத்தைத் துறந்தார். முழங்காலில் காயம் குறுக்கிட, எல்லிஸ் போட்டியும் நடக்கவில்லை. துறந்த பட்டத்தை 1970 மார்ச்சில் ஜாக் பொடெலிடமிருந்து திரும்ப வென்றார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்பெயினின் உர்தைனை வென்று ஐரோப்பியப் பட்டத்தையும் மீட்டார்.

லான்ஸ்டேல் பெல்ட் என்றால் என்ன?

பிரிட்டிஷ் சாம்பியனுக்கு வழங்கப்படும் பட்டயக் கச்சை. பட்டம் இருக்கும்வரை வீரரிடம் இருக்கும். பட்டம் போனால் கச்சையும் போகும். ஆனால் கூப்பர் காலத்து விதிப்படி, ஒரே பிரிவில் மூன்று பிரிட்டிஷ் பட்டப் போட்டிகளில் வென்றவருக்கு அது சொந்தமாகிவிடும். கூப்பர் பிரையன் லண்டனை ஒருமுறை, எர்ஸ்கினை இருமுறை என மூன்று வெற்றிகளால் முதல் கச்சையையும், எர்ஸ்கின், ரிச்சர்ட்சன், லண்டன் ஆகியோரை வென்று இரண்டாவதையும், ஜானி பிரெஸ்கட், பொடெல், பில்லி வாக்கர் ஆகியோரை வென்று 1967இல் மூன்றாவதையும் சொந்தமாக்கினார். மூன்று கச்சைகளை அப்படிப் பெற்றவர் அவர் ஒருவரே.

கடைசிப் போட்டி ஏன் இன்றும் பேசப்படுகிறது?

1971 மார்ச் 16, வெம்ப்ளி. எதிராளி ஹங்கேரியில் பிறந்து அகதியாக பிரிட்டனுக்கு வந்து வளர்ந்த ஜோ பக்னர். 21 வயது நிரம்பி மூன்றே நாள். கூப்பருக்கு 37 ஆக இரண்டு மாதம் பாக்கி. பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பியப் பட்டங்கள் மூன்றும் பணயம். பதினைந்து சுற்றுகள் முடிந்ததும் நடுவர் ஹாரி கிப்ஸ் நடந்துபோய் பக்னரின் கையை உயர்த்தினார். கணக்கு: 73¾க்கு 73½. வித்தியாசம் கால் புள்ளி.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய முறை தெரிய வேண்டும். மேடையோரத்தில் தனி நீதிபதிகள் கிடையாது. ஆட்டத்தை நடத்தும் நடுவரே தனியாளாகப் புள்ளியும் போடுவார். சுற்றில் வென்றவருக்கு ஐந்து, தோற்றவருக்கு அதிலிருந்து கால் புள்ளியோ அதற்கு மேலோ குறைவு. பதினைந்து சுற்றுகளில் ஒரே ஒரு சுற்றை அவர் வேறு விதமாகப் பார்த்திருந்தால் முடிவு மாறியிருக்கும். அரங்கம் கொந்தளித்தது. பிபிசி வர்ணனையாளர் ஹாரி கார்பென்டர், ஒருவருடைய பட்டங்களை இப்படிப் பறிக்கலாமா என்று நேரலையிலேயே ஆதங்கப்பட்டார். கிப்ஸ் நேர்மையற்றவர் என்று நான் நினைக்கவில்லை. இவ்வளவு பெரிய முடிவை ஒருவர் தோளில் ஏற்றிய முறைதான் பிழை. கூப்பருக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றிரவே ஓய்வை அறிவித்தவர், கிப்ஸோடு பல ஆண்டுகள் பேசவில்லை; பின்னர் அறப்பணிக்காகக் கேட்டுக்கொண்டபோதுதான் கைகுலுக்கினார்.

ஓய்வுக்குப் பின் என்ன செய்தார்?

வீரராக இருந்தபோதே வெம்ப்ளியில் காய்கறி, பழக்கடை ஒன்று நடத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. (இன்று அதே வெம்ப்ளியில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் நம்மவர் கடைகள் வரிசையாக நிற்கின்றன.) ஓய்வுக்குப் பின் அவருடைய முகம் முன்னிலும் அதிகமாகத் தெரிந்தது. ப்ரூட் வாசனைத் திரவ விளம்பரத்தில், உடம்பெல்லாம் தெளித்துக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார். வாசனை பூசுவது ஆண்களுக்கு அழகல்ல என்று எண்ணிய ஒரு தலைமுறையை, மூக்கு நசுங்கிய ஒரு குத்துச்சண்டை வீரரைக் கொண்டு மாற்றிய விளம்பரம் அது. தொலைக்காட்சியின் விளையாட்டு வினாடிவினாவில் அணித்தலைவராக அமர்ந்தார். பிபிசி வானொலியில் குத்துச்சண்டை வர்ணனைக்குக் கருத்துரை வழங்கினார். போகப்போக அந்த விளையாட்டின் போக்கு பிடிக்காமல் 1996இல் அதை விட்டார். மிச்ச நேரமெல்லாம் கோல்ஃப். அதிலும் பெரும்பகுதி நன்கொடை திரட்டும் போட்டிகள். முதியவர்களைக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் அரசு விளம்பரத்திலும் வந்தார்.

பெல்ட்டுகளை ஏன் விற்றார்?

லாய்ட்ஸ் என்ற லண்டன் காப்பீட்டுச் சந்தையில் அவர் 'நேம்' எனப்படும் தனிநபர் முதலீட்டாளராக இருந்தார். அந்த ஏற்பாட்டில் லாபம் வந்தால் பங்கு உண்டு. நட்டம் வந்தால் போட்ட பணத்தோடு நிற்காது, சொந்தச் சொத்து முழுவதும் ஈடு. 1980களின் இறுதியில் ஆஸ்பெஸ்டாஸ் நோய் இழப்பீடுகளும் அடுத்தடுத்த பேரிடர்களும் சேர்ந்து லாய்ட்ஸைப் புரட்டிப்போட்டபோது ஆயிரக்கணக்கானோர் நொடித்தார்கள். கூப்பரும் அவர்களில் ஒருவர். 1993இல் அந்த மூன்று லான்ஸ்டேல் கச்சைகளும் ஏலத்துக்கு வந்து 42,000 பவுண்டுக்குப் போயின. ஒன்பது பட்டப் போட்டிகளின் விலை.

என்னென்ன கௌரவங்கள் பெற்றார்?

பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருதை 1967இலும் 1970இலும் பெற்றார். அதை இருமுறை பெற்ற முதல் நபர் அவர்தான். 1969இல் ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது, 1978இல் போப்பாண்டவர் வழங்கும் வீரத்திருத்தகைப் பட்டம், 2000இல் பிரிட்டனின் 'சர்' பட்டம். குத்துச்சண்டைக்காகச் சர் பட்டம் பெற்ற முதல் வீரர் அவரே.

குடும்பம்?

சோஹோ பகுதியில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பணிபுரிந்த அல்பினாவை 1960இல் மணந்தார். அவருக்காகக் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். இரண்டு மகன்கள். அல்பினாவுக்குக் குத்துச்சண்டை பிடிக்காது. கணவரின் தொழில் முழுவதையும் அந்தப் பயத்தோடுதான் கடந்தார். 2008இல் திடீர் மாரடைப்பில் அல்பினா காலமானார். 2010இல் இரட்டைச் சகோதரர் ஜார்ஜும் போய்ச் சேர்ந்தார். இருவரையும் அடுத்தடுத்து இழந்த கூப்பர் 2011 மே 1 அன்று, 77ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, சரே மாவட்டத்தின் ஆக்ஸ்டெட்டில் மகன் வீட்டில் உயிர்நீத்தார்.

அலியும் கூப்பரும் பின்னாளில் எப்படி இருந்தார்கள்?

நண்பர்களாக. ஆப்பிரிக்காவில் இருக்கும் தம் மூதாதையருக்கே அந்த அடி உறைத்தது என்று அலி வேடிக்கையாகச் சொல்வார். கூப்பரும் அந்தக் குத்தைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்வார். 2009இல் அலி வின்ட்சருக்கு வந்தபோது இருவரும் சந்தித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இறப்புச் செய்தி கேட்டு அலி விடுத்த அறிக்கையில், கூப்பர் நோயுற்றிருந்ததே தமக்குத் தெரியாது என்றும், தம்மைக் கண்டால் அவர் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும் என்றும் குறிப்பிட்டிருந்தார்.